நாள் சம்பளமா, பேக்கேஜா, மாத ஒப்பந்தமா? நெல்லைச் சீமையில் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும் இளம் போட்டோகிராபர்களின் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கையில் சொந்தக் கேமரா இருக்கிறது. திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் முகூர்த்த நாளில் அழைக்கிறார், வேலை முடிந்ததும் பணம் தருகிறார். இப்படியே போகலாமா? நாமே ஆர்டர் பிடித்து, ஆட்கள், வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேக்கேஜ் பேசலாமா? இல்லை, ஒரு ஜவுளிக்கடை, ஒரு கல்லூரி என்று பிடித்துக்கொண்டு மாதாமாதம் பணம் வாங்கலாமா? இந்த மூன்றுக்கும் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: எவ்வளவு கேட்பது?

கடைசிக் கேள்விக்குத்தான் எல்லோரும் முதலில் விடை தேடுகிறார்கள். பக்கத்து ஸ்டூடியோவில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் ஐயாயிரம் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரருக்குக் கடை சொந்தக் கட்டடமாக இருக்கலாம். வீட்டிலேயே ஆல்பம் டிசைன் செய்ய ஆள் இருக்கலாம். அவரே நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். அவருடைய ரேட்டை வைத்து உங்கள் குடும்பம் நடக்காது.

படம் எடுக்கும் நாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நாட்களை இனாமாகக் கொடுக்கிற எந்த முறையும் இந்தத் தொழிலில் நிற்காது என்பது என் கட்சி. அந்த மூன்றோடு, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் இன்னொரு வழியையும் சேர்த்துக் கீழே ஒப்பிட்டிருக்கிறேன், முழுவதும் அந்தக் கண்ணோடு.

## எதை வைத்து அளப்பது

நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு, அதற்கு மொத்தம் எத்தனை நாள் உழைத்தோம் என்பது முதலாவது. பணம் எப்போது வருகிறது என்பது இரண்டாவது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அடுப்பு எப்படி எரியும் என்பது மூன்றாவது. எடுத்த படம் யாருடையது, அதைக் காட்டி அடுத்த வேலை கேட்க முடியுமா என்பது நான்காவது. நான்காவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இவற்றுக்கும் முன்னால் அடிமட்ட விலை ஒன்று வேண்டும். அதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு வேலை செய்கிறோம் என்று அர்த்தம். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்களை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. கேமரா பாடி ஒரு லட்சம், இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 50,000. லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்து 1,60,000, எட்டு ஆண்டுக்குப் பங்கிட்டால் 20,000. எடிட்டிங் கம்ப்யூட்டர் 75,000, ஐந்து ஆண்டுக்கு 15,000. பெட்ரோல், ஹார்ட் டிஸ்க், மென்பொருள் சந்தா, பழுது, காப்பீடு என்று 65,000. மொத்தம் 5,10,000.

ஆண்டுக்கு 60 நாள் படம் எடுக்க வேலை கிடைக்கிறது, எடிட்டிங்கும் நீங்களே செய்கிறீர்கள் என்றால், படம் எடுக்கும் ஒரு நாளுக்கு 8,500 ரூபாய் மிஞ்சியாக வேண்டும். வாங்குகிற தொகையைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சுகிற தொகை அது.

பாடிக்கு இரண்டே ஆண்டா என்று கேட்பீர்கள். நடுத்தர வகைக் கேமராக்களின் ஷட்டரை 1,50,000 சொடுக்குக்குச் சோதித்துத் தருகிறார்கள். அதையும் தாண்டி உழைக்கும் கேமராக்கள் உண்டு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஒரு நிகழ்ச்சிக்கு 1,500 படம் என்றால் 100 நிகழ்ச்சியில் தீர்ந்துவிடும். லட்ச ரூபாய் பாடியில் நிகழ்ச்சிக்கு ஆயிரம் ரூபாய் தேய்கிறது. மிரர்லெஸ் கேமராவில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் இந்தத் தேய்மானம் குறையும்; ஆனால் மண்டபத்து எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும் தொல்லை இருப்பதால் எப்போதும் அதை நம்ப முடியாது.

## வேலை எத்தனை நாள் வரும்: மூன்று காலண்டர்

அந்த 60 நாள் எங்கிருந்து வரும்? ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்துத் திருமணங்கள் இல்லை என்றே சொல்லலாம். தை பிறந்ததும் ஓட்டம் தொடங்கி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி என்று போகும். ஆனால் நெல்லைச் சீமையில் இந்த ஒரு காலண்டர் மட்டும் இல்லை. பாளையங்கோட்டை, நாசரேத், உவரி பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கு ஆடி ஒரு தடையே இல்லை. அவர்கள் தவிர்ப்பது தவக்காலத்தை. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்து இஸ்லாமியத் திருமணங்கள் ரமலானில் நடக்காது, மற்றபடி முகூர்த்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த மூன்றையும் தெரிந்து வைத்திருப்பவருக்குக் காலி மாதம் குறைவு.

தெரிந்து வைத்திருப்பது என்றால் தேதி மட்டும் இல்லை. சில ஆலயங்களில் ஆராதனை நேரத்தில் ஃபிளாஷ் போடக் கூடாது, பீடத்தின் அருகே நடமாடக் கூடாது. போதகரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளாமல் போய் நின்றால் எல்லார் முன்னாலும் சொல் வாங்க நேரிடும். இஸ்லாமியத் திருமணத்தில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று பல வீடுகளில் கேட்பார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள் ஆண்களைவிடக் குறைத்துக் கேட்பதைப் பார்க்கிறேன். அவர்கள் செய்யும் வேலையை வேறொருவரால் செய்ய முடியாத இடம் அது; அங்கே கூடுதலாகத்தான் கேட்க வேண்டும்.

பங்குனி, சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள் வரும். கொடைக்கு விலை பேசும் முறையே வேறு. உச்சிக்கொடை, சாமக்கொடை, வில்லுப்பாட்டு, சாமியாட்டம் என்று இரவு முழுவதும் நிற்க வேண்டும். அதை ஒரு நாள் என்று பேசாதீர்கள், இரண்டு நாளாகப் பேசுங்கள். பணம் ஊர்க்காரர்களிடம் பிரிக்கும் வரியிலிருந்து வருவதால், வரி பிரிந்து கணக்கு முடிக்கும் நாளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதனால் முன்பணம் பாதியாவது வாங்கிவிட வேண்டும். அடுத்த ஆண்டு கமிட்டி மாறிவிடும். பழைய பாக்கியைப் புதியவர்களிடம் கேட்டு வாங்குவது கடினம்.

## முதல் வழி: ஸ்டூடியோவுக்கு நாள் சம்பளத்தில் போவது

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டாரிடம் பேரம் இல்லை, ஆல்பம் இல்லை, எடிட்டிங் இல்லை. கார்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நம் பக்கத்தில் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் சடங்கின் வரிசை வேறு. தாலி கட்டும் இடத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள், நாத்தனார் விளக்குப் பிடிப்பது எப்போது, மாமன் மாலை எப்போது என்பதெல்லாம் பத்து விதமான மண்டபங்களில் நின்றால்தான் தெரியும். அந்தப் படிப்புக்குக் கட்டணம் வாங்காமல், சம்பளமும் கொடுக்கிற பள்ளிக்கூடம் இதுதான்.

இனி கணக்கு. நாளுக்கு 3,500, ஆண்டுக்கு 100 நாள் என்று வைப்போம். 3,50,000 வருகிறது. சொந்தக் கேமராவோடு போகிறவருக்கு அதில் ஒரு லட்சம் ஷட்டரில் தேய்ந்துவிடும். மிச்சம் 2,50,000, அதாவது மாதம் 21,000-க்கும் கீழே. போக வரச் செலவு இன்னும் கழியவில்லை. திசையன்விளை மண்டபத்தில் வரவேற்பு முடிய இரவு பதினொரு மணி ஆனால் திரும்பிவர பஸ் இருக்காது. அந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்காவிட்டால் உங்களுடையதுதான்.

அதனால் நாள் சம்பளம் பேசும்போது இரண்டு விலை சொல்லுங்கள்: உங்கள் கேமரா என்றால் ஒன்று, ஸ்டூடியோ கேமரா என்றால் இன்னொன்று. இரண்டுக்கும் ஆயிரம் ரூபாயாவது வித்தியாசம் இருக்கட்டும். "எல்லாரும் சொந்தக் கேமராவோடுதானே தம்பி வருகிறார்கள்" என்பார்கள். வருகிறார்கள்தான், கணக்குப் போடாமல் வருகிறார்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு, படம் உங்கள் கையில் தங்காது. ஆண்டு முழுவதும் எடுத்த நல்ல படமெல்லாம் ஸ்டூடியோ பெயரில் இன்ஸ்டாகிராமில் ஓடும். பத்துப் படங்களையாவது எங்கள் பெயரில் காட்டலாமா என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மனமுள்ள ஸ்டூடியோக்காரர்கள் தருவார்கள். அதே சமயம், இன்னொருவர் ஆர்டரில் நிற்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் உங்கள் கார்டை நீட்டாதீர்கள். இந்த ஊர் சிறியது. ஜங்ஷனில் செய்தது சாயங்காலத்துக்குள் தென்காசி வரை போய்விடும்.

## இரண்டாம் வழி: நேரடியாகப் பேக்கேஜ்

அதிகம் சம்பாதிக்கவும் அதிகம் இழக்கவும் இடமுள்ள வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

முகூர்த்தமும் வரவேற்புமாக இரண்டு நாள் வேலைக்கு 75,000 ரூபாய் பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேண்டிட், அதாவது நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம், நீங்கள் எடுக்கிறீர்கள். வரிசையாக நிறுத்தி எடுக்கும் டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒருவர், இரண்டு நாளுக்கு 6,000. வீடியோகிராபர் 7,000. லைட் பிடிப்பவர் 2,000. வீடியோ எடிட்டிங் வெளியே கொடுத்தால் 8,000. ஆல்பம் இரண்டு, பேடு, பெட்டி சேர்த்து 18,000. வண்டி, சாப்பாடு 3,000. ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் 2,000. ஆகமொத்தம் 46,000 போய்விட்டது. கையில் 29,000.

அடிமட்ட விலைப்படி இரண்டு நாளுக்கு 17,000 போதும், ஆகவே லாபம்தான். ஆனால் பேரம் எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். "அண்ணாச்சி, தெரிந்த வீடு, ஒரு பத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் பெண்ணின் மாமா. 75-இல் பத்து போனால் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் லைட்காரரும் ஆல்பம் அச்சிடும் லேபும் உங்களுக்காகக் குறைக்கப் போவதில்லை. அந்தப் பத்து முழுவதும் உங்கள் 29-இலிருந்து போகிறது. மூன்றில் ஒரு பங்கு. குறைத்தே ஆக வேண்டும் என்றால் விலையைத் தொடாதீர்கள், பொருளைக் குறையுங்கள்: ஆல்பம் ஒன்று போதும் என்றோ, ஆல்பத்தில் ஷீட் (தாள்) எண்ணிக்கை குறையும் என்றோ சொல்லுங்கள். அப்போது குறைவது லேபுக்குப் போகும் பணம்.

அடுத்தது, உட்காரும் நாட்கள். இரண்டு நாளில் 3,000 படம். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (திருத்தத்துக்கு ஏற்ற மூலக் கோப்பு) ஒன்று 25 எம்.பி. என்றால் 75 ஜி.பி. ஃபோர்-கே வீடியோ சாதாரணமாக எடுக்கும் வேகத்தில் மணிக்கு 45 ஜி.பி. ஆறு மணி நேரத்துக்கு 270. இரண்டு பிரதி வைப்பதுதான் முறை. அப்படியானால் ஒரு திருமணம் மட்டும் 700 ஜி.பி. பக்கம் வருகிறது. இரண்டு டி.பி. டிஸ்க்கில் மூன்று திருமணம்கூட முழுதாக அடங்காது. எத்தனை மாதம் வைத்திருப்போம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் குழந்தைக்குக் காது குத்தும்போது வந்து திருமண ஃபைலைக் கேட்பார்கள்.

3,000 படத்தில் பொறுக்கி, நிறம் திருத்தி, வீட்டாருக்கு அனுப்பி, அவர்கள் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்துத் தரும் வரை தொழில் உங்கள் கையில் இல்லை. மாப்பிள்ளை சென்னையில், பெண் வீட்டார் களக்காட்டில், தேர்ந்தெடுக்க வேண்டிய அத்தை துபாயில். ஆறு மாதம் சாதாரணமாக ஓடும். மீதிப் பணம் ஆல்பம் கொடுக்கும்போது என்று பேசியிருந்தால் அந்தப் பணமும் ஆறு மாதம் உறங்கும்.

திருமண நாள் முடியும் நேரத்தில் மண்டபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பந்தி முடிந்து, மொய் மேசையில் நோட்டை மூடி, பெண்ணின் அப்பா ஒரு மஞ்சள் பையோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார். சமையல்காரர், நாதஸ்வரக்காரர், பூக்காரர், பந்தல்காரர் என்று ஒவ்வொருவராக வந்து கணக்கு முடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வேலை முடிந்துவிட்டது, போய்விடுவார்கள், அதனால் கொடுத்தாக வேண்டும். போட்டோக்காரர் மட்டும் எப்படியும் ஆல்பத்தோடு திரும்பி வருவார் என்பது அவருக்குத் தெரியும். "உங்களுக்கு என்ன அவசரம், நம்ம ஆள்தானே" என்ற சொல் அங்கே பிறக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, பையில் இருக்கிற பணத்தைப் போகிறவர்களுக்குப் பங்கிடுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே பணத்தை ஆல்பத்தோடு கட்டாதீர்கள். தேதி பதியும்போது 40 சதவீதம், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலைக்குள் 40 சதவீதம், ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் மீதி. மேலே சொன்ன கணக்கில் 80 சதவீதம் என்பது 60,000. ஆட்களுக்கும் லேபுக்கும் கொடுத்ததற்குப் பிறகும் 14,000 உங்களிடம் இருக்கும். கடைசி 15,000 தாமதமானாலும் கடன் வாங்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு மறைமுகச் செலவுகள் உண்டு. ஒன்று ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், போட்டோகிராபிக்கு 18 சதவீதம் வரி. இங்கே கணக்கில் வருவது உங்கள் 29,000 இல்லை, முழு 75,000. ஆண்டின் 27-ஆவது திருமணத்தில் நீங்கள் 20 லட்சத்தைத் தாண்டிவிடுகிறீர்கள், கையில் எட்டு லட்சம்கூட நிற்காதபோதே. லேபையும் வீடியோ ஆட்களையும் வீட்டாரே நேரடியாகப் பணம் கொடுக்கும்படி தனியாகப் பிரித்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே பில் அப்படி இருந்தால்தான் அது செல்லும். இந்த எல்லையை நெருங்குகிறவர்கள் கணக்காளரிடம் போக வேண்டும்.

மற்றது ட்ரோன், நம் ஊர் வழக்கில் ஹெலிகேம். பேக்கேஜில் சேர்த்தால் ஆர்டர் எளிதாகப் படியும் என்று ஆசையில் எழுதிவிடுகிறார்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடப் பைலட் சான்றிதழ் வேண்டும். நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம் என்று மூன்று முக்கிய இடங்கள் இருக்கின்றன. ராதாபுரம் பக்கம் காற்றாலை நடுவே மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி மேலிருந்து எடுக்கலாம் என்று வாக்குக் கொடுக்கும் முன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறத்தால் காட்டும் வான்வெளி வரைபடத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். மணிமுத்தாறு, பாபநாசம் மேலே அவுட்டோர் கேட்பவர்களிடமும் அப்படித்தான்: வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அனுமதி கிடைத்தால் மட்டும் என்று எழுதுங்கள். கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத் தெருவும் தாமிரபரணிப் படித்துறையும் காலை வெயிலில் குறைந்த அழகில்லை, தொந்தரவும் கிடையாது.

## மூன்றாம் வழி: படக் கணக்கு, மணிக் கணக்கு

பள்ளிக் குழுப் படம், கடைகளுக்கான பொருள் படம், ஆண்டு மலர், திறப்பு விழா போன்றவை இதில் வரும். அல்வாக் கடையோ, பத்தமடைப் பாயை இணையத்தில் விற்பவரோ, கருப்பட்டி வியாபாரியோ கூப்பிடுவார். அவர்களிடம் மணிக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். வேலை தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதைத் தெரியாதவர் நான்கு மணி நேரம் இழுப்பார். மணிக் கணக்கில் தெரியாதவருக்கே அதிகம் கிடைக்கும். பொருளுக்கு இவ்வளவு, ஒரு பொருளுக்கு எத்தனை கோணம், திருத்தம் எத்தனை முறை என்று பேசுங்கள். திறப்பு விழா, கருத்தரங்கு போன்றவற்றுக்கு மட்டும் மணிக் கணக்கு பொருந்தும், அங்கே அமைச்சர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

படம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் என்பதால் உரிமை நமக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஆறு மாதத்துக்குக் கடையின் இணையப் பக்கத்தில் மட்டும் பயன்படுத்தலாம், பேனர் அடிப்பதானால் தனித் தொகை என்று பேச விரும்பினால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். திருமண வீட்டுப் படத்தை உங்கள் விளம்பரத்தில் போடவும் இதே கையெழுத்து தேவை. யாரும் கேட்காமல் நீங்களாகப் போய் எடுக்கிற ஆனித் தேரோட்டமும் கூந்தன்குளத்துப் பறவையும் உங்களுடையவை. ஆனால் அவற்றை நம்பி அரிசி வாங்க முடியாது. பத்திரிகையோ காலண்டர் அச்சகமோ கேட்டால் வரும் பணத்தை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## நான்காம் வழி: மாத ஒப்பந்தம்

டவுன் ரத வீதிகளின் ஜவுளி, நகைக் கடைகள், மருத்துவமனைகள், பாளையங்கோட்டைக் கல்வி நிறுவனங்கள் இப்போது சமூக ஊடகத்துக்காக மாதம் முழுவதும் படம் கேட்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பணம் வரும் என்பது இதன் பெரிய கவர்ச்சி.

சிக்கல் "மாதம் இவ்வளவு" என்று தொகை மட்டும் பேசி, எத்தனை நாள் என்று பேசாமல் விடுவதில். தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக் கடைக்குத் தினம் படம் வேண்டும். அதே ஐப்பசியில்தான் முகூர்த்தமும் வருகிறது. 20,000 ரூபாய் மாதச் சம்பளத்துக்காக 29,000 மிஞ்சும் திருமணத்தை விட நேரிடும். மாதம் ஆறு நாள், ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், பதிந்துவிட்ட முகூர்த்த நாட்கள் நீங்கலாக என்று எழுதிக்கொண்டால் இது நல்ல வழி. எழுதாவிட்டால் பெயர் மட்டும் ஃப்ரீலான்சர், மற்றபடி விடுமுறையும் பி.எஃப்.பும் இல்லாத ஊழியர்.

பெரிய இடங்களில் பணம் தாமதமாகும், வரியும் பிடித்துக்கொண்டு தருவார்கள். பிடித்த வரி அதிகமாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். தாமதத்துக்கு ஒரு மருந்து உண்டு. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்ய ஒரு பைசா கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணம் நிறுத்தக் கூடாது, தாண்டினால் வட்டி. யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண் இருந்தால் கணக்குப் பிரிவில் அந்தத் தாள் கொஞ்சம் மேலே வரும்.

## ஒரே பார்வையில்

| | நாள் சம்பளம் | பேக்கேஜ் | படக் கணக்கு | மாத ஒப்பந்தம் |
|---|---|---|---|---|
| பணம் வரும் நேரம் | அன்றே, அல்லது அடுத்த ஆர்டரில் | மூன்று தவணை, கடைசித் தவணை இழுக்கும் | வேலை முடிந்ததும் | 30 முதல் 45 நாள் |
| உட்காரும் நாள் | இல்லை | மிக அதிகம் | மிதம் | மிதம் |
| ஒளிந்திருக்கும் செலவு | கேமரா தேய்மானம், பயணம் | பேரம், ஆல்பம், சேமிப்பு, ஜி.எஸ்.டி. | முடிவில்லாத் திருத்தம் | முகூர்த்த நாள் இழப்பு |
| காலி மாதத்தில் | ஒன்றும் இல்லை | ஒன்றும் இல்லை | கொஞ்சம் | கைகொடுக்கும் |
| படத்தைக் காட்டலாமா | ஸ்டூடியோ விட்டால் | வீட்டார் சம்மதத்தோடு | எழுதிக்கொண்டால் | எழுதிக்கொண்டால் |

## யாருக்கு எது

கேமரா வாங்காதவர், முதல் இரண்டு ஆண்டில் இருப்பவர்: நாள் சம்பளம்தான், அதுவும் ஸ்டூடியோ கேமராவோடு. தவணையில் லட்ச ரூபாய்க் கேமரா வாங்கிவிட்டு நாள் சம்பளத்துக்குப் போவதுதான் இந்தப் பட்டியலிலேயே மோசமான கலவை. தவணை உங்களுடையது, தேய்மானம் உங்களுடையது, படம் இன்னொருவருடையது.

மூன்று நான்கு நம்பிக்கையான ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பேக்கேஜுக்குப் போகலாம். ஆனால் பெரிய திருமணத்தில் தொடங்காதீர்கள். வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு வீடு, புதுமனை புகுவிழா போன்ற ஒரு நாள் வேலையை, ஆல்பம் இல்லாமல், படக் கோப்பு மட்டும் தருவதாகப் பேசிப் பழகுங்கள். ஆல்பம் வேண்டும் என்றால் தனித் தொகை.

குடும்பத்தில் வேறு சம்பளம் இல்லாதவர், வீட்டு வாடகை கட்டுகிறவர் பேக்கேஜை மட்டும் நம்பக் கூடாது. நான் பரிந்துரைப்பது இது: பெரிய முகூர்த்த நாட்களைப் பேக்கேஜுக்கு வைத்துக்கொண்டு, ஆறு நாள் மாத ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்புவரை பதியாத நாளை நாள் சம்பளத்துக்கு விட்டுவிடலாம். ஸ்டூடியோக்காரருக்கும் அன்று ஆள் தட்டுப்பாடுதான், விலை உங்கள் பேச்சில் நிற்கும்.

தேதியைப் பார்த்து விலை மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். வைகாசியின் பெரிய முகூர்த்தமும் ஆடியில் வரும் வேலையும் ஒரே விலையில் இருக்க வேண்டிய அவசியமில்லைதான். ஆனால் நம் ஊரில் ஆர்டர் சொந்தத்திலிருந்து சொந்தத்துக்குப் போகிறது. "சித்தப்பா மகளுக்கு அறுபதுதானே வாங்கினீர்கள்" என்று ரசீதோடு வருவார்கள். விலையை ஒன்றாக வைத்துக்கொண்டு, காலி மாதத்தில் பதிபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிறிய ஆல்பமோ அவுட்டோரோ தருவது சச்சரவில்லாத வழி.

எந்த வழியானாலும் முன்பணம் வாங்கும்போது ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: தேதி, நேரம், எந்த மண்டபம், எத்தனை ஆட்கள், எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு, கோப்பை எத்தனை மாதம் வைத்திருப்போம், தேர்ந்தெடுக்க எத்தனை நாள், தவணைத் தேதிகள், படத்தை உங்கள் பக்கத்தில் போடச் சம்மதம், தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டார் இரண்டு மூன்று பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆல்பத்தைப் பற்றிப் பேச வருகிறவர் பெரும்பாலும் அன்று முன்பணம் கொடுத்தவராக இருப்பதில்லை.